கால் சுற்று லூஸ்!

சாயர்புரத்தில் படித்த காலத்தில் எனக்கு இரண்டு குருமார்கள். ஒருவர் பௌதிகப் பேராசிரியர். இன்னொருவர் பஸ் ஸ்டாப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி. முதலாமவர் சொன்னது பரீட்சை வரைக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாமவர் சொன்னது இன்றைக்கும் இருக்கிறது. காரணம், இரண்டாமவர் பாடத்தை நான் முழங்காலில் எழுதிக்கொண்டவன்!

சம்பவம் இதுதான். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. சாயர்புரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் அந்தக் காசில் திரும்பி வரும்போது புரோட்டா சாப்பிடலாம் என்று ஓர் உள்மனக் குரல். சரி, சைக்கிள்! முன் சக்கரம் மட்டும் லேசாக இடமும் வலமும் ஆடியது. அந்த ஆட்டத்தை எடுக்க அண்ணாச்சி இரண்டு ரூபாய் கேட்பார். அதையும் மிச்சம் பிடிக்க நினைத்து, பக்கத்து வீட்டில் ஸ்பேனர் இரவல் வாங்கி, நானே கோனை முறுக்கினேன். எப்படி முறுக்கினேன் என்றால், முந்தின நாள் சாப்பிட்ட சோறு அத்தனையும் செலவாகும்படி முறுக்கினேன். ஆட்டம் போயே போச்சு! 'நமக்குள்ளேயும் ஓர் எஞ்சினீயர் இருக்கிறாண்டா' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

உப்பளங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை எஞ்சினீயர் நன்றாகவே வேலை செய்தார். அப்புறம் முன் சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அடுத்தது 'டக்!' சக்கரம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதியோடு, கைக்குட்டை கட்டிய முழங்காலோடு இண்டர்வியூவுக்குப் போய்ச் சேர்ந்தேன். "விளையாட்டில் ஆர்வம் உண்டோ?" என்று ஒருவர் கேட்டார். வேலை கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சியிடம் வந்தேன். சக்கரத்தைக் கழற்றி, கிரீஸோடு பால்ரஸை ஒரு தகர டப்பா மூடியில் கொட்டினார். இரண்டு குண்டுகள் பொடிந்து கிடந்தன. மற்றவற்றில் பளபளப்பு போய்ச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"யாருலே இத முறுக்குனது?"

"நான்தான் அண்ணாச்சி..."

"பால்ரஸுக்கும் மூச்சு விட எடம் வேணும் தம்பி. மொதல்ல முழுக்க முறுக்கணும். பொறவு கால் சுத்து திருப்பி லூஸ் விடணும். முறுக்க எந்தப் பயலுக்கும் தெரியும். அந்தக் கால் சுத்துக்குத்தான் நான் ரெண்டு ரூவா வாங்குதேன்."

திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு.போப் பள்ளி நடத்திய ஊர் சாயர்புரம். அந்த ஊர்க்காரர் ஒருவர் இரண்டே வரியில் பேசியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கால் சுற்று, ராக்கெட் வரைக்கும் போகிற சமாசாரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது.

* * *

இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்களைச் சுற்றி எத்தனை பேரிங் சுற்றிக்கொண்டிருக்கிறது, எண்ணிப் பாருங்கள். தலைக்கு மேலே ஃபேன். அதில் குறைந்தது இரண்டு. சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர். கொல்லையில் மோட்டார் பம்ப். வாசலில் ஸ்கூட்டர். ஆபீஸில் படிப்பவராக இருந்தால் எதிர் சீட்டுக்காரர் 'கிறீச்' என்று சத்தம் போடுகிற நாற்காலிச் சக்கரம். (படிப்பதை மேனேஜர் பார்க்காமல் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். நடுவே எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கூண்டு. உரசுவதற்குப் பதிலாக உருளுகிறது, அவ்வளவே. குண்டு வளையத்தைத் தொடுகிற இடம் மட்டும் ஒரு கடுகளவுகூட இருக்காது. மொத்தப் பாரமும் அந்தத் துளி இடத்தில் இறங்கும். ஒரே இடத்தில் லட்சம் தடவை, கோடி தடவை அமுக்கினால் எஃகுக்கும் அலுத்துப்போகும். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கும். அது மேலே வந்து ஒரு சின்னச் செதில் பெயர்ந்து விழும். அன்றைக்குத்தான் உங்கள் ஃபேன் 'கட கட' என்று பாட ஆரம்பிக்கிறது.

சரி, ஒரு பேரிங் எத்தனை நாள் உழைக்கும்?

கடைக்காரரிடம் கேட்டால், "அது உங்க ராசி சார்" என்பார். சிரிக்காதீர்கள், ஏறக்குறைய அதுதான் விஞ்ஞானமும் சொல்கிறது! ஒரே தொழிற்சாலை, ஒரே எஃகு, ஒரே நாளில் செய்த நூறு பேரிங்குகளை எடுத்து ஒரே பாரம் ஏற்றி ஒரே வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒரே நாளில் போகாது. முதலில் போனதைவிடக் கடைசியில் போனது பத்து, இருபது மடங்குகூட அதிகமாக ஓடியிருக்கும். இன்ஷூரன்ஸ்காரர் கதைதான். 'இன்னார் எப்போது போவார்' என்று அவருக்குத் தெரியாது. 'ஆயிரம் பேரில் எத்தனை பேர் போவார்கள்' என்பது அத்துப்படி.

அதனால் 1947-ல் ஸ்வீடன்காரர்கள் லுண்ட்பெர்க், பாம்கிரென் என்று இரண்டு பேர் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். நூறு பேரிங்கில் தொண்ணூறு தாக்குப்பிடிக்கிற ஆயுள் எதுவோ, அதையே அந்த ரகத்தின் ஆயுள் என்று வைத்துக்கொள்வது. உலகம் முழுக்க இன்றைக்கும் பேரிங் கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் அச்சடிக்கிற ஆயுளுக்கு அடிப்படை இதுதான். 'பத்துப் பேர் முன்னாடியே போய்விடுவார்கள்' என்று ஒப்புக்கொண்டு விற்கிற ஒரே சரக்கு இதுவாகத்தான் இருக்கும்.

அதே கணக்கில் இன்னொரு விஷயம், வண்டி வைத்திருப்பவர்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பாரம் இரண்டு மடங்கானால் பேரிங்கின் ஆயுள் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும்! ஒருவர் போக வேண்டிய மொபெட்டில் மனைவி, மச்சான், அரிசி மூட்டை என்று ஏற்றும்போது சக்கரத்துக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் இதையே தங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்கிறார்கள். எட்டு மாதம் ஓட வேண்டியதை அப்படியே ஓட்டிப் பார்த்தால் சம்பளம் கட்டாது. பாரத்தை இரண்டு மடங்காக்கி ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரே தண்டில் சில பேரிங்குகளை மாட்டி, பாரத்தை அழுத்தி, இரவும் பகலும் ஓட்டுவார்கள். பக்கத்தில் அதிர்வை அளக்கிற ஒரு கருவி ஒட்டியிருக்கும். முதல் செதில் பெயர்ந்ததும் அதிர்வு எகிறும். மோட்டார் தானே நின்றுவிடும். அதுவரை எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் அடுத்த செட்.

நம் பம்ப்செட் மெக்கானிக் இதே சோதனையைக் கருவி இல்லாமல் செய்கிறார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பார்ப்பதற்குத் தியானம் மாதிரி இருக்கும். "இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்பார். பெரும்பாலும் ஓடும்.

* * *

இனி ராக்கெட்.

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு ராக்கெட் இப்போது வீட்டு விஷயம் ஆகிவிட்டது. திருச்செந்தூர் தாண்டி குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் அதற்குப் பல காலம் முன்பிருந்தே பக்கத்து திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரிய விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அது. சாயர்புரத்திலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். உள்ளே விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

அங்கே நடக்கிற சோதனைகளில் ரொம்பக் கஷ்டமானது கிரையோஜெனிக் எஞ்சின். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் எரிபொருள். ஹைட்ரஜனைத் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி. நாம் மூச்சு விடுகிற காற்றே அந்தக் குளிரில் கட்டியாக உறைந்துவிடும். இந்தத் திரவங்களை டாங்கிலிருந்து இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுவது ஒரு பம்ப். அதன் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 40 ஆயிரம் சுற்று! அந்தச் சுழலும் தண்டைத் தாங்குவது... ஆமாம், நம்ம அண்ணாச்சியின் பால்ரஸ். அதற்குச் சொந்தக்காரப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கைக் கணக்கு. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கிரையோ எஞ்சின் ஒரு பயணத்தில் எரிவது 720 விநாடி. அதாவது 12 நிமிஷம். 40 ஆயிரத்தை 12-ஆல் பெருக்குங்கள். 4 லட்சத்து 80 ஆயிரம் சுற்று. அவ்வளவுதான் அந்தப் பேரிங்கின் வாழ்நாள் வேலை.

உங்கள் வீட்டு ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது என்றால், இந்த வேலையை 23 மணி நேரத்தில் முடித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள்! சைக்கிள் சக்கரத்துக்கு அது சுமார் 1000 கிலோமீட்டர். சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் போய்வருகிறவர் 25 நாளில் கடந்துவிடுகிற தூரம். அந்த சைக்கிளின் பால்ரஸை யாரும் விஞ்ஞானி வைத்துச் சோதிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓவராயில், அவ்வளவே.

அப்படியானால் ராக்கெட் பேரிங்கில் என்ன பெரிய கஷ்டம்?

முதலாவது வேகம். சுழற்சியில் குண்டு வெளிப்பக்கம் தள்ளுகிற விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும். 350-லிருந்து 40 ஆயிரம் என்றால் 114 மடங்கு. அதே அளவு குண்டு, அதே அளவு வட்டம் என்றால் விசை 13 ஆயிரம் மடங்கு! குண்டு தன் சொந்த எடையாலேயே வெளி வளையத்தைக் குத்திக் கிழிக்கப் பார்க்கும். இதற்காகவே எஃகில் பாதிகூட எடை இல்லாத சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கான் ஜாதிக் குண்டுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்க விண்கல ஓடத்தின் ஆக்ஸிஜன் பம்பில் எஃகுக் குண்டுகள் சீக்கிரம் தேய்ந்து, அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. 1995 ஜூலையில் பறந்த டிஸ்கவரியில் பீங்கான் குண்டு வைத்த புதுப் பம்பை முதன்முதலாக அனுப்பினார்கள்.

இரண்டாவது, எண்ணெய் கிடையாது. மைனஸ் 253-ல் கிரீஸ் கருங்கல்லாகிவிடும். பிறகு எப்படி? கூண்டை டெஃப்லான் கலந்து செய்கிறார்கள். உங்கள் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே ஆசாமிதான். குண்டு கூண்டில் உரச உரச, துளித்துளியாக டெஃப்லான் குண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதுதான் வழவழப்பு. சூடு தணிக்க, பேரிங் வழியாகவே எரிபொருள் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் முழங்காலைத் தடவ வைக்கிற விஷயம். குளிரில் உலோகம் சுருங்கும். எல்லா உலோகமும் ஒரே அளவு சுருங்கினால் வம்பில்லை. சாதாரண வெப்பத்திலிருந்து அந்தக் குளிருக்குப் போனால் 100 மில்லிமீட்டர் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் சுமார் 0.3 மில்லிமீட்டர் குறையும். அலுமினியம் 0.4 குறையும். பேரிங் எஃகு இரண்டையும்விடக் குறைவாகச் சுருங்கும். வெளிக்கூடு அதிகமாகச் சுருங்கி உள்ளே இருக்கிற வளையத்தை நெரித்தால்? குண்டுக்கு விட்டிருக்கிற இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அண்ணாச்சி பாஷையில், கால் சுற்று லூஸைக் குளிர் தின்றுவிடும். மேஜை மேல் வைத்து அளக்கும்போது சரியாக இருக்கும். ஓடுகிற இடத்தில் இருக்காது.

* * *

இந்த எஞ்சின் நமக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. ரஷ்யாவோடு 1991-ல் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா கண்ணை உருட்டியதும் 1993-ல் ரஷ்யா, "எஞ்சின் தருகிறோம், செய்முறை தரமாட்டோம்" என்று பின்வாங்கியது. மாவு தருவேன், பக்குவம் சொல்லமாட்டேன் என்கிற மாமியார் மாதிரி. அடுத்த வருஷமே சொந்தமாகச் செய்யும் திட்டத்தை இஸ்ரோ தொடங்கியது. பதினாறு வருஷம் பாடுபட்டுச் செய்த எஞ்சின், ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட்டின் உச்சியில் ஏறியது.

2010 ஏப்ரல் 15. மாலை நாலரை மணிக்குச் சற்று முன்பு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 293 விநாடி வரைக்கும் பிசகே இல்லை. இரண்டாவது அடுக்கு வேலையை முடித்தது. கிரையோ எஞ்சின் தொடங்கியது. அதற்கு எரிபொருளை முதலில் தள்ளிக் கொடுக்கிற சின்னப் பம்ப் ஒன்று உண்டு. எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்ப் என்று பெயர். அது நிமிஷத்துக்கு 34,800 சுற்று வேகத்தைத் தொட்டது. 0.9 விநாடி ஒழுங்காகச் சுற்றியது. அப்புறம் வேகம் குறைய ஆரம்பித்தது. அடுத்த 0.6 விநாடியில் நின்றேவிட்டது.

ஒன்றரை விநாடி. நீங்கள் 'ஒன்றரை விநாடி' என்று சொல்லி முடிக்கிற நேரம். ஹைட்ரஜன் வரத்து நின்றது. ராக்கெட் ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு கடலில் விழுந்தது.

நின்றுபோன பம்பைக் கழற்றி டப்பா மூடியில் கொட்டிப் பார்க்க வழியில்லை. அது கடலுக்கடியில். கையில் இருந்தது, விழுவதற்கு முன் அது அனுப்பிய எண்கள் மட்டும். அந்த எண்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்த குழு, இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம் என்றது. பம்பின் சீல் ஒன்று இறுகப் பிடித்துச் சுழலும் பகுதி சிக்கி நின்றிருக்கலாம். அல்லது அழுத்தமும் வெப்பத் தகைவும் அதிகமாகி டர்பைனின் கூடு உடைந்திருக்கலாம். 'இதுதான்' என்று ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள், வீட்டில் மிக்ஸி நின்றுபோனால்கூட மெக்கானிக் ஒரு காரணம் சொல்கிறார். இவர்களுக்கு அந்த நிம்மதியும் இல்லை.

ஆகவே இரண்டையும் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பம்பின் வடிவமைப்பை மாற்றினார்கள். என்ன மாற்றம் என்று பிறகு இஸ்ரோ வெளியிட்ட குறிப்பைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடுங்குளிரில் பேரிங்குகளும் வெளிக்கூடும் விரிந்து சுருங்குவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மாற்றியிருக்கிறோம் என்றிருந்தது!

மாற்றினால் போதுமா? மகேந்திரகிரியில் மறுபடி சோதனை. பம்பைத் தனியாக ஓட்டினார்கள். தாக்குப்பிடிக்கிறதா என்று எஞ்சினை நீண்ட நேரம் ஓட்டினார்கள். வானத்தில் காற்றில்லாத இடத்தில் பற்றுகிறதா என்று பார்க்க, கீழேயே காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள் பற்ற வைத்தார்கள். இப்படி மூன்றரை வருஷம். 2013 ஆகஸ்ட் 19-ல் கிளம்பத் தயாரானது. கிளம்ப 74 நிமிஷம் இருக்கும்போது, இரண்டாவது அடுக்கில் எரிபொருள் கசிவு என்று நிறுத்தினார்கள். பம்பு ஆசாமிகள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! பரீட்சை ஹால் வாசல் வரை வந்தவனிடம் 'அடுத்த மாதம் வா' என்றால் எப்படி இருக்கும்?

அடுத்த மாதமும் இல்லை. 2014 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜி.எஸ்.எல்.வி. டி-5. கிரையோ எஞ்சின் பற்றியது. ஒன்றரை விநாடி கடந்தது. டி.வி. முன்னால் நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பத்து விநாடி, நூறு விநாடி... முழு நேரமும் எரிந்து முடித்தது. 1982 கிலோ ஜிசாட்-14 போய்ச் சேர்ந்தது. சொந்த எஞ்சின் கனவு தொடங்கி இருபது வருஷம்.

அதற்குப் பிறகும் சோதனை குறையவில்லை, கூடியிருக்கிறது. மனிதனை ஏற்றிச் செல்லப்போகிற ககன்யானுக்காக, இதைவிடப் பெரிய சி.இ.-20 என்ற கிரையோ எஞ்சினை மகேந்திரகிரியில் எரிய விட்டார்கள். நாலு எஞ்சின், 39 தடவை, மொத்தம் 8,810 விநாடி. விதிப்படி 6,350 விநாடி போதும். மேற்கொண்டு 2,460 விநாடி எதற்கு என்று எந்த ஆடிட்டராவது கேட்டால், மேலே உட்காரப்போகிறவரின் அம்மாவிடம் கேட்கச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 13-ல்தான் கடைசிச் சோதனையை முடித்து, 'ஆள் ஏறலாம்' என்று எஞ்சினுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

* * *

டி-5 பறந்த அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி கடையில் இப்போது பாதி இடத்தை மொபைல் ரீசார்ஜ் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் பழைய முக்காலியில், உப்பளத்துக்குப் போய்வருகிற ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் குண்டுகள் அத்தனையும் செம்பட்டை.

உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். மைனஸ் 253, நாற்பதாயிரம் சுற்று, டெஃப்லான், நின்றுபோன பம்ப், மாற்றிய பேரிங், எல்லாம். மண்ணெண்ணெயில் குண்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுக் குண்டுகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தார். கோனை ஏற்றினார். முழுக்க முறுக்கினார். ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. மெதுவாகத் திருப்பினார். சக்கரத்தைத் தூக்கி ஒரு தட்டு தட்டிவிட்டார். சத்தமே இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்:

"அது சரி தம்பி... அவ்வ எவ்ளோ லூஸ் விட்டாவளாம்?"